சர்வர் ஏன் விழுந்தது? மகாளய அமாவாசைப் பதிவு வைக்கப் போகும் ஆலயங்களுக்காக



இந்த வருஷம் மகாளய அமாவாசைக்கு இணையம் வழி பதிவு வைக்கலாமா, வைத்தால் "சர்வர் விழுந்துடுமா" என்று பக்கத்துத் தாமான் ஆலயங்களின் தொண்டூழியர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். புலனத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியா பதில் போடுவதை விட, 2021-ல் சுங்கை பூலோவில் நாங்கள் பார்த்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். கணினி படிக்காதவங்களுக்கும் புரியணும்னுதான் இப்படி எழுதுகிறோம். பொறுமையா படிங்க.

2021 எப்படிப்பட்ட வருஷம்னு நம்ம யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதிலும் சுங்கை பூலோக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோவிட் நோயாளிகளுக்கான முக்கிய மருத்துவமனை நம்ம ஊரில்தான். ஜூலையில் இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லாத ராத்திரி கிடையாது. நம்ம வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பாவை, அம்மாவை, கணவரைக் கடைசியா முகம்கூடப் பார்க்காமல் அனுப்பி வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் வீட்டோட முடிந்தது. சில வீடுகளில் அதுவும் இல்லை, வீட்டில் இருந்த எல்லாருமே தனிமைப்படுத்தலில் இருந்தாங்க.

அந்த வருஷம் மகாளய அமாவாசை அக்டோபர் 6, புதன்கிழமை. ஆலயங்கள் திறந்திருந்தன. ஆனால் இடைவெளி விட்டு, ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு. அதனால் எங்க ஆலயத்தில் தர்ப்பணத்துக்கு இணையப் பதிவு வைத்தோம். காலை முதல் மதியம் வரை ஆறு நேரங்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் இருபது குடும்பம். பதிவு செப்டம்பர் 26, ஞாயிறு இரவு 8 மணிக்குத் திறக்கும் என்று அறிவிப்பு போயிற்று. மற்ற வருஷமா இருந்தால் இதைத் தவற விட்டவங்க "சரி, அடுத்த அமாவாசைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடுவாங்க. அந்த வருஷம் அப்படி இல்லை. செய்ய முடியாமல் போன காரியத்தைச் செய்ய நிறைய குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் நாள் அதுதான்.

8 மணிக்குத் திறந்தது. 8:01-க்குப் பக்கம் மெதுவாச்சு. 8:03-க்கு வெள்ளைத் திரை. அதற்கப்புறம் ஆங்கிலத்தில் "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்" என்ற ஒரே வரி. பக்கத்தை எழுதிக் கொடுத்த சின்ன நிறுவனம் சர்வரை அணைத்துப் போட்டது. வந்தது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை இணைப்புகளின் எண்ணிக்கையை 500 ஆக உயர்த்தினார்கள். இந்தத் தடவை விழுந்தது எழுந்திருக்கவே அரை மணி நேரம் ஆச்சு. நிறுவனத்தின் பேர் வேண்டாம். நாங்கள் கேட்டதும் உள்ளே இருந்த எல்லாவற்றையும் திறந்து காட்டினாங்க, அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எங்க தொண்டூழியர்களில் ஒரு தம்பிக்கு டேட்டாபேஸ்தான் தொழில், அதாவது நம்ம செய்திகளில் எழுதுகிற தரவுத்தளம். அவர் உட்கார்ந்து பார்த்து, எங்களுக்குப் புரியும்படி சொன்னதைத்தான் கீழே எழுதுகிறோம்.

முதல் விஷயம், 151. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன இணையத்தளங்களில் ஓடுகிறது. யாரும் எதையும் மாற்றாவிட்டால், ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் அது ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றில் அந்த எண் 100. நீங்கள் பதிவுப் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் உங்களுக்காகத் தரவுத்தளத்தோட ஒரு இணைப்பைப் பிடிக்கும். வேலை முடிந்ததும் விடும். 152-ஆவது ஆள் வந்தால் அந்த ஆங்கில வரிதான் பதில்.

இதைக் கேட்டதும் நாங்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்போ 151 பேருக்கு மேல வந்தா விழுந்துடுமா? அவ்ளோ சின்னதா?"

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அன்னதான மண்டபத்தை நினைச்சுக்கோங்க. பந்தியில் 151 இலை போடலாம். ஒருத்தர் கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்தால் மணிக்கு அறுநூறு பேர் சாப்பிடலாம். அதே ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 151 பேர்தான். இலை கூடவில்லை, குறையவில்லை. ஒருத்தர் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதுதான் மாறியது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் இதைக் கணக்காகவே நிரூபித்துக் காட்டியிருக்கிறார். வரிசை சம்பந்தப்பட்ட படிப்புகளில் இன்றைக்கும் "லிட்டில் விதி" என்று சொல்லித் தருகிறார்கள்.

தரவுத்தளத்துக்கும் அதே கணக்கு. ஒரு வேலை 0.05 விநாடியில் முடிந்தால், 151 இணைப்பை வைத்துக்கொண்டு ஒரு விநாடிக்கு 3,000 வேலை பார்க்கலாம். மொத்த சுங்கை பூலோவும் வந்தால்கூடத் தாங்கும். அதே வேலைக்கு 3 விநாடி ஆனால், ஒரு விநாடிக்கு 50 தான். அதே சர்வர், அதே 151.

அப்படியென்றால் எங்க பக்கத்தில் யார் இலையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது? தம்பி பரிசோதனைக்காக அதே பக்கத்தை வேறொரு கணினியில் ஓட்டி, செயற்கையாக் கூட்டத்தை அனுப்பி, "இப்ப உள்ள யார் யார் என்ன செய்யறாங்க" என்று காட்டும் கட்டளையைப் போட்டுப் பார்த்தார். அதன் பேர் ஷோ பிராசஸ்லிஸ்ட். பெரிய பட்டியல் வந்தது. பட்டியலில் ஏறக்குறைய எல்லாரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டிருந்தது ரொம்பக் கொஞ்சம் பேர்.

எதுக்குக் காத்திருந்தாங்க? எஸ்எம்எஸ்ஸுக்கு.

பதிவு நடக்கும் விதம் இதுதான். "காலை 7 மணி: மீதி 20" என்று தரவுத்தளத்தில் ஒரு வரி இருக்கும். நீங்கள் பதிவு செய்தால் அந்த வரியைப் பூட்டி, 20-ஐ 19 ஆக்கி, உங்க பேரை எழுதி, பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டு அவசியம். இல்லாவிட்டால் ஒரே இடத்தை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். ஆனால் எங்க பக்கத்தில் 20-ஐ 19 ஆக்கின பிறகு, பூட்டைத் திறப்பதற்கு முன்னாடி, "உங்கள் பதிவு உறுதி" என்று எஸ்எம்எஸ் அனுப்பி, அந்த எஸ்எம்எஸ் சேவை "சரி, போய்ச் சேர்ந்தது" என்று பதில் சொல்லும் வரை காத்திருக்கும்படி எழுதியிருந்தது. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர், வீட்டுக்கு ஃபோன் போட்டு "சாப்பிட்டேன்" என்று சொல்லி, அந்தப் பக்கம் "சரிப்பா" என்கிற வரைக்கும் இலையை விட மாட்டேன் என்கிற மாதிரி. அந்தப் பதிலுக்குக் கிட்டத்தட்ட 3 விநாடி.

அந்த 3 விநாடியில், 7 மணி நேரத்தைக் கேட்ட அத்தனை பேரும் அதே ஒரு வரியின் பூட்டுக்குக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு இணைப்பு. மைஎஸ்கியூஎல்லில் பூட்டுக்காக ஒருவர் 50 விநாடிவரை காத்திருப்பார், அது அதன் வழக்கமான அளவு. 50 விநாடியில் மூன்று மூன்று விநாடியா பதினாறு பேருக்குத்தான் வழி கிடைக்கும். மற்றவங்க காத்திருந்து காத்திருந்து பிழைச்செய்தி வாங்கிக்கொண்டு போனாங்க. இதற்கிடையில் 151 இணைப்பும் தீர்ந்து, சும்மா "எத்தனை இடம் பாக்கி இருக்கு" என்று எட்டிப் பார்க்க வந்தவங்களுக்கும் கதவு மூடிடுச்சு.

சரி, இணைப்பை 500 ஆக உயர்த்தினார்களே, அது ஏன் உதவவில்லை? சமையல்கட்டு அதே அளவு, ஆளும் அதே ஆள், ஆனால் மண்டபத்தில் 500 இலை போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்னும். எங்களுடையது 2 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வர். நினைவகம் முழுக்கத் தீர்ந்துபோனால் லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிக நினைவகம் வைத்திருக்கும் வேலையாப் பார்த்து நிறுத்திவிடும். பெரும்பாலும் அது தரவுத்தளம்தான். மூன்றாவது தடவை விழுந்தது அதனால்தான். கதவை அகலப்படுத்தினதே அதைக் கொன்றது.

அணைத்துப் போட்டதும் ஏன் மறுபடி விழுந்தது? இதற்கு இரண்டு காரணம். ஒன்று, தரவுத்தளம் அடிக்கடி பார்க்கும் விஷயங்களை நினைவகத்தில் சூடா வைத்திருக்கும். அணைத்துப் போட்டால் அது காலி. எல்லாவற்றையும் வட்டில் இருந்து மறுபடி எடுக்க வேண்டும், அது மெதுவான வேலை. இன்னொன்று நம்ம விரல். பக்கம் வரவில்லை என்றால் யாரா இருந்தாலும் மறுபடி அழுத்துவோம். நீங்கள் மறுபடி அழுத்தினாலும் முதலில் அனுப்பினது உள்ளே நின்றுகொண்டுதான் இருக்கும், பெரும்பாலும் அது ரத்தாகாது. ஐந்து தடவை அழுத்தினால் உங்க ஒருத்தருக்காக ஐந்து பேர் வரிசையில். சர்வர் எழுந்து கண்ணைத் திறக்கும்போது வாசலில் முதலில் இருந்ததை விடப் பல மடங்கு கூட்டம்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவங்க நர்சரியில் வேலை பார்க்கிறவங்க. கணவர் ஆகஸ்டில் போயிட்டார். அன்றைக்கு ராத்திரி 8 மணியில் இருந்து 11 மணி வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாங்க. மறுநாள் நாங்கள் ஃபோன் செய்தபோது, "எனக்கு ஃபோன் சரியா பாவிக்கத் தெரியல, என் மேலதான் தப்பு, பரவாயில்லீங்க" என்றார்கள். அவங்க மேல் ஒரு தப்பும் இல்லை. அவங்க கை மெதுவும் இல்லை. அவங்க கேட்டது ஒரு பூட்டுக்குப் பின்னால் நின்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் விழும்போது ஆளுங்க தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் கூச்ச சுபாவமா, படிப்பு குறைவா இருக்கிறவங்கதான் முதலில் ஒதுங்கிப் போகிறார்கள். இதை எழுதுவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

இது ஏதோ சின்ன ஆலயத்துக்கு மட்டும் வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அதே 2021 மே 26, நண்பகல் 12 மணிக்கு, அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு 950,000-க்கும் அதிகமான இடங்கள் திறக்கப்பட்டன. பக்கம் வராமல், அழுத்த வேண்டிய பொத்தானே தெரியாமல் மக்கள் திண்டாடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபோது எல்லா இடமும் முடிந்துபோனது. திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாடி, ஏப்ரல் 28 அன்று, இந்தியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு கோவின் தளத்தில் பதிவு திறந்தபோதும் முதல் நிமிஷங்களில் தடுமாற்றம்தான். ஆனாலும் அன்றைக்கே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று திறந்த ஹெல்த்கேர் காப்புறுதித் தளத்தில் முதல் நாள் முழுக்கப் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். பிறகு அதைச் சரிசெய்தபோது சேர்த்த விஷயங்களில் ஒன்று, கூட்டம் அதிகமானால் மக்களை வெளியே வரிசையில் நிறுத்தி ஒழுங்கா உள்ளே விடும் ஏற்பாடு.

பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத இடங்கள் அவை. அங்கேயும் வரிசை தேவைப்பட்டது.

மே 26-க்குப் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். முந்துகிறவருக்கே ஊசி என்ற முறையே கைவிடப்பட்டது. அஸ்ட்ராஸெனெகாவும் மற்ற ஊசிகளோட பொதுத் திட்டத்தில் சேர்ந்தது, மைசெஜாத்ரா வழியா அவரவருக்குத் தேதி வந்தது. நண்பகல் 12 மணிக்குத் தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்கிறவருக்கும், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கும் அதில்தான் நியாயம் கிடைத்தது. பெரிய சர்வர் வாங்கியிருந்தால்கூட அந்த நியாயம் கிடைத்திருக்காது. வேகமான இணையமும் வேகமான விரலும் உள்ளவர்களுக்கு இன்னும் வேகமா முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்க கதைக்கு வருவோம். மறுபதிவு அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை என்று முடிவாச்சு. நடுவில் நான்கு நாள். தம்பியும் அந்த நிறுவனமும் சேர்ந்து செய்தவை இவை:

முதலில், எதையும் தொடுவதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி நகல் எடுத்து வைத்தாங்க.

இரண்டாவது, எஸ்எம்எஸ்ஸைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவந்தாங்க. பதிவு முடிந்ததும் பூட்டு உடனே திறந்துவிடும். "இவருக்குச் செய்தி அனுப்பணும்" என்று ஒரு தனிப் பட்டியலில் எழுதி வைத்துவிட்டு, வேறொரு சின்ன நிரல் மெதுவா ஒவ்வொன்றா அனுப்பும். செய்தி இரண்டு நிமிஷம் தாமதமா வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, "எத்தனை இடம் பாக்கி" என்று ஒவ்வொருத்தருக்காகவும் முழுப் பட்டியலையும் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தினாங்க. பத்து விநாடிக்கு ஒரு தடவை மட்டும் எண்ணி, அந்த விடையை எல்லாருக்கும் காட்டினால் போதும். கூடவே பட்டியலுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டாங்க. புத்தகத்துக்குப் பின்னால் இருக்குமே அகரவரிசை, அது மாதிரி. முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை.

நான்காவது, இணைப்பை உயர்த்தாமல் குறைத்தாங்க. பக்கம் தரவுத்தளத்தோட வைத்துக்கொள்ளும் இணைப்பு 20 தான். அந்த இருபதையே மாற்றி மாற்றிப் பாவிக்கும். மற்றவங்க வெளியே, "உங்களுக்கு முன்னால் இத்தனை பேர், பக்கத்தை மூடாமல் காத்திருங்கள்" என்ற தமிழ் அறிவிப்போட வரிசை எண் வாங்கி நின்றாங்க. எண்ணைப் பார்த்ததும் ஆளுங்க அழுத்துவதை நிறுத்திட்டாங்க. நிற்கிற இடம் தெரிஞ்சா நம்ம ஜனங்க எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிப்பாங்க. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பார்க்கிறோமே.

ஐந்தாவது, வியாழக்கிழமை ராத்திரியே ஜேமீட்டர் என்ற இலவச மென்பொருளை வைத்து ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் போல மூன்று மடங்கு அனுப்பிப் பார்த்தாங்க. மெதுவானது, ஆனால் விழவில்லை.

இதெல்லாம் இயந்திர வேலை. விதியிலும் நிர்வாகம் இரண்டு மாற்றம் செய்தது, எங்க கணிப்பில் அதுதான் பெரிய வேலை. ஆறு நேரத்தையும் ஒரே மணிக்குத் திறக்காமல், காலை நேரங்களை மாலை 5 மணிக்கும் மற்றதை இரவு 9 மணிக்கும் திறந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு நேரத்திலும் பாதி இடத்தை இணையத்தில் விடவே இல்லை. அந்த வருஷம் வீட்டில் இழப்பு நடந்த குடும்பங்களுக்கென்று ஒதுக்கி, ஃபோன் வழியாவும் ஆலய அலுவலகத்தில் நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக்கொண்டாங்க. அந்த அக்காவுக்கு இரண்டாவது நேரத்தில் இடம் கிடைத்தது. மகனோட வந்தாங்க.

ஞாயிறு இரவில் பாதியில் நின்றவங்களையும் விட முடியாது. திரையில் பிழைச்செய்தி வந்திருக்கும், ஆனால் உள்ளே பேர் பதிவாகியிருக்கும். சிலருக்கு இரண்டு தடவை. நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பட்டியலில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஃபோன் போட்டோம். இரண்டு ராத்திரி ஆச்சு. முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்டது இடத்தைப் பற்றி இல்லை, "யார் இறந்தாங்கன்னு உங்ககிட்ட சொல்லலாமா" என்றுதான். கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்க கேள்விக்குப் பதில். இணையப் பதிவு தாராளமா வையுங்க. ஆனால் பக்கம் செய்து தருகிறவர்களிடம் இந்த ஐந்தையும் முன்கூட்டியே கேளுங்க:

1. பதிவு நடக்கும்போது எஸ்எம்எஸ், மின்னஞ்சல், பணம் கட்டும் சேவை எதற்காவது காத்திருந்து இடத்தைப் பூட்டி வைக்குமா?
2. தரவுத்தள இணைப்பு எத்தனை? அது நிரம்பினால் அடுத்து வருகிறவருக்குத் திரையில் என்ன தெரியும்? ஆங்கிலப் பிழையா, தமிழில் வரிசை எண்ணா?
3. ஒருத்தர் ஐந்து தடவை அழுத்தினால் ஐந்து பதிவாகுமா, ஒன்றாகுமா?
4. எதிர்பார்க்கும் கூட்டத்தைப் போல மூன்று மடங்கு அனுப்பிச் சோதித்தீர்களா? எங்க கண் முன்னால் ஒருமுறை செய்து காட்டுவீர்களா?
5. விழுந்தால், யாருக்குப் பதிவானது யாருக்கு ஆகவில்லை என்று எப்படிப் பார்ப்பது?

"பெரிய சர்வர் வாங்கிக்கலாம், மாதம் இன்னும் கொஞ்சம் வெள்ளி ஆகும்" என்பதுதான் பதிலா வந்தால், முதல் கேள்வியைத் திரும்பக் கேளுங்க.

ஆறாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அது நிர்வாகம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தப் பதிவு எல்லாருக்கும் ஒரே நிமிஷத்தில் திறந்தே ஆகணுமா? பல நேரம் தேவையே இல்லை. மூன்று நாள் பேர் வாங்கிக்கொண்டு, அப்புறம் நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் 151-க்கு அருகில்கூடப் போகாது, பழைய கணினியே போதும்.

இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் ஆலய மண்டபத்துக்கு வாங்க. தம்பி இருப்பார். நீங்கள் வைத்திருக்கும் பக்கத்தையும் கொண்டு வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் ஒன்றும் இல்லை. உங்க பக்கத்து ஆலயத் தொண்டூழியர்களுக்கும் இதைப் பகிருங்கள்.



ஆலயத் தொண்டூழியர்கள்,
சுங்கை பூலோ